கையால் திரும்பிய நட்டு

செம்மண்டலத்தில் வசிக்கும் பெலிசியாவுக்குக் கட்டி முடித்த எதையும் முதல் பார்வையில் நம்பிப் பழக்கமில்லை. பெட்ரோல் பங்குக்குள் ஸ்கூட்டர் நுழைந்ததும் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் போகிற வழியில் இரும்புத் தூணின் அடித்தகட்டைக் குனிந்து பார்ப்பார். எல்லா போல்ட்டிலும் நட்டு இருக்கிறதா, நட்டைத் தாண்டி மரை வெளியே தெரிகிறதா, துளை பொருந்தாமல் போனதால் யாராவது காஸ் கட்டரால் ஊதிப் பெரிதாக்கிவிட்டு மேலே அகலமான வாஷர் வைத்து மூடியிருக்கிறார்களா என்று பார்ப்பார். அதன் பிறகுதான் மணமக்கள் பக்கம் திரும்புவார்.

"கல்யாணத்தன்னிக்கி நான் போட்ட மோதிரத்தையே கழட்டி ஹால்மார்க் பாத்தவதான இவ," என்பார் கணவர் அமலன்.

"பாத்தேன், இருந்துச்சி, திரும்பப் போட்டுக்கிட்டேன். அதுல இன்னா தப்பு?" என்று பெலிசியா உண்மையாகவே புரியாமல் கேட்பார்.

இரும்புக் கட்டடங்களின் இணைப்புகளை வரைந்து கொடுப்பதும், பிறர் வரைந்ததைச் சரிபார்ப்பதும், கட்டியபின் ஏணி போட்டு ஏறிப் பார்ப்பதும் அவர் தொழில். சிதம்பரத்தில் சிவில் படித்து, சென்னையில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் வரைபடங்களில் பிழை தேடிச் சம்பளம் வாங்கியவர். தானே புயல் அடித்த அந்த டிசம்பரில் ஊருக்கு வந்திருந்தார். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கிடங்கு ஒன்றின் கூரை வயலில் கிடந்தது. அவர் அருகே போய்ப் பார்த்தார். ஆங்கிள் இரும்புகள் பெரும்பாலும் நேராகவே இருந்தன. பிய்ந்தது எல்லாம் அவை சேர்ந்த இடங்கள். வெல்டிங் ஆரஞ்சுத் தோல் போல உரிந்து வந்திருந்தது. இரும்பைப் பார்த்து வாங்கியவர்கள் அது சேரும் இடத்தைப் பார்க்கவில்லை என்பது அவருக்கு அன்று விளங்கியது. சென்னைக்குத் திரும்பிப் போனாலும் அங்கே அதிக காலம் தங்கவில்லை.

சந்தேகத்தை ஒரு திறமையாகப் பாராட்டுவது எளிது. சந்தேகப்படுபவர் தன் சந்தேகத்தை எங்கே நிறுத்துவது என்று அறிந்திருந்தால் அந்தப் பாராட்டுக்குப் பொருள் உண்டு. பெலிசியா இணைப்பைச் சந்தேகிப்பதில் தேர்ந்தவர். மனிதரைச் சந்தேகிக்கும்போதும் அதே முறையைப் பின்பற்றினாரா என்பது வேறு விஷயம்.

தன்னிடம் வேலைக்கு வரும் ஃபேப்ரிகேட்டர்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொல்லுவது சிலவே. வெல்டிங்கைப் பட்டறையிலேயே முடித்துவிடுங்கள். அங்கே வெல்டர் உட்கார்ந்து செய்வார், காற்று இல்லை, பெயின்டுக்கு முன் பார்க்கலாம். கட்டடம் நிற்கும் இடத்தில் போல்ட்டு போடுங்கள்; உயரத்தில் தொங்கிக்கொண்டு கடற்காற்றில் வைக்கும் வெல்டிங்குக்குள் என்ன இருக்கிறது என்று வைத்தவருக்கே தெரியாது. ஸ்பேனர் சுற்ற இடம் விடாமல் வரைந்த போல்ட்டு காகிதத்தில் மட்டும்தான் இறுகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே இணைப்பில் பளுவை வெல்டிங்குக்குப் பாதி, போல்ட்டுக்குப் பாதி என்று பங்கு வைக்காதீர்கள். போல்ட்டு தன் துளைக்குள் துளி நகர்ந்த பிறகுதான் பளுவைப் பிடிக்கும். வெல்டிங்கோ நகரவே விடாது. ஆகவே முழுப் பளுவும் வெல்டிங் மேல் விழும். அது கிழிந்த பிறகுதான் போல்ட்டுக்கு முறை வரும், அப்போது காலம் கடந்திருக்கும்.

தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலக் கூடம் ஒன்றுக்கு இரும்புக் கூரை போட்டபோது, சரிபார்க்கும் பொறுப்பை ஊர்க் கமிட்டி இவரிடம் கொடுத்தது. கூரையைச் செய்தவர் வைத்திலிங்கம். சிதம்பரத்துக்கு வெளியே நெல் விவசாயம் செய்த குடும்பம். இவர் வெல்டிங் கற்று, கிரில் கதவும் ஜன்னல் கம்பியும் செய்து, மெல்லக் கொட்டகை வேலைக்கு உயர்ந்தவர். கடலோரத்தில் இதுதான் அவருக்கு முதல் வேலை. இது நன்றாக நின்றால் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய கூடத்தையும் அவருக்கே கொடுப்பதாகக் கமிட்டித் தலைவர் தட்சிணாமூர்த்தி சொல்லியிருந்தார். நிற்கவில்லை என்று பேச்சு கிளம்பினால் மறுபடி கிரில் கதவுதான். அது வைத்திலிங்கத்துக்கும் தெரியும், பெலிசியாவுக்கும் தெரியும்.

பெலிசியாவுக்கு அவரிடம் பிடிக்காதது ஒன்றுதான். எதைச் சொன்னாலும் சரி என்றார். மற்ற ஃபேப்ரிகேட்டர்கள் முறைப்பார்கள், வாதாடுவார்கள், 'இதெல்லாம் புஸ்தகத்துல நல்லா இருக்கும் மேடம்' என்பார்கள். இவர், "சரிங்க மேடம், செஞ்சிடலாம்," என்றார். வெல்டிங்கை அரைத்துத் திரும்ப வைக்கச் சொன்னபோதும் அதையே சொன்னார். ஒருவர் எதையும் எதிர்க்காமல் இருந்தால், ஒன்று அவர் நல்லவர், இல்லையென்றால் எதையோ நம் கண்ணிலிருந்து தள்ளிவைக்கிறார். பெலிசியா இரண்டாவதை எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டார்.

லாரியில் ஏற்ற வசதியாக ஒவ்வொரு டிரஸ்ஸும், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமும், இரண்டு பாதிகளாக சிதம்பரத்திலிருந்து வந்தது. நடுவில் தகடு வைத்து போல்ட்டால் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் இறுக்கி முடித்ததும் பெலிசியா ஏணியில் ஏறி, ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் தகடு வரை மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுத்தார். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். எல்லா இடத்திலும் செய்கிற வேலைதான்.

கீழே வலையை மடித்துக்கொண்டிருந்த படகுக்காரர் அய்யனார் அண்ணாந்து பார்த்தார். "இன்னாம்மா, நட்டுக்கெல்லாம் பொட்டு வைக்கிறீங்க?"

"அது அழியக் கூடாதுண்ணே. யாரும் தொடாமப் பாத்துக்குங்க."

"நீங்க சொல்லிட்டீங்கல்ல. கோடு அப்பிடியே இருக்கும்."

கோடு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

கூடம் ஏலத்துக்குத் திறந்து சில வாரங்கள் ஆனபின், இரண்டாவது கூடம் பற்றிக் கமிட்டி கூடப்போகிறது என்று பெலிசியாவைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஒரு பிற்பகலில் தனியாகப் போனார். ஏணியில் ஏறி ஒவ்வொரு நடு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கோடுகள் ஒழுங்காக இருந்தன. கடற்கரைப் பக்கத்து டிரஸ்ஸில் மட்டும், கீழ் வரிசையில் ஒரு கோடு மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. நகத்தால் சுரண்டினார். மார்க்கர் மை அல்ல, எனாமல் பெயின்ட். ஓரத்தில் பிரஷ் முடியின் தடம். நட்டைத் தொட்டார். வெறும் விரலுக்கே திரும்பியது.

ஏணியில் நின்றபடியே கணக்குப் போட்டார். ஒரு நட்டு தானாகத் தளர்ந்தால் கோடு உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை, புதிதாக வரைந்திருக்கிறார்கள். அப்படியென்றால் இது தளர்ச்சி இல்லை, மறைப்பு. அந்தக் கோட்டின் பொருள் தெரிந்தவன்தான் அதைப் பொய்யாக வரைவான். இந்த ஊரில் அது தெரிந்தது தனக்கு. தன்னைத் தவிர வைத்திலிங்கத்துக்கும் அவர் ஆட்களுக்கும். நல்ல போல்ட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு வந்து மட்டமான போல்ட்டை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் சரியாகப் பொருந்தியது. அப்படிப் பொருந்தியதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இறங்கி வைத்திலிங்கத்துக்குப் போன் செய்தார்.

"கடல் பக்கத்து டிரஸ்ல நட்டு லூசா இருக்கு. கைல திரும்புது."

"லூசாவா? நான் நின்னு இறுக்குனது மேடம் அது. சரிங்க, காலைல ஆள் அனுப்புறேன். எல்லா நட்டுக்கும் ஒரு பொட்டு வெல்டு வச்சிடறேன். அப்பறம் எவன் வந்தாலும் அசையாது."

"வெல்டு வைக்கக் கூடாது. அந்த போல்ட்டு சூடு பண்ணிப் பதப்படுத்துனது, மறுபடி சூடு பட்டா பலம் போயிடும். மேல இருக்கிற துத்தநாகமும் எரிஞ்சிடும். கடக்காத்துல ஒரே மழைல துரு வந்துடும். இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்… இல்ல, நட்டு கழலக் கூடாதுன்னுதான…"

தெரிந்தும் வெல்டு வைக்கப் பார்க்கிறார். வெல்டு வைத்துவிட்டால் போல்ட்டை யாரும் கழற்றிப் பார்க்க முடியாது. பெலிசியாவுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. போனை வைத்த கையோடு தட்சிணாமூர்த்தியைக் கூப்பிட்டு, போல்ட்டை மாத்தியிருப்பாங்கன்னு சந்தேகமா இருக்கு என்றார். 'சந்தேகமா இருக்கு' என்றுதான் சொன்னார். ஆனால் சொன்னவர் யார் என்பதால் அந்த வார்த்தை கேட்டவர் காதில் தீர்ப்பாக இறங்கியது. பொழுது சாய்வதற்குள், சிதம்பரத்துக்காரன் போல்ட்டைத் திருடிட்டானாம் என்று ஏலம் விடுகிற இடத்தில் பேசிக்கொண்டார்கள். தட்சிணாமூர்த்தி இரண்டாவது கூடத்துக்காகப் புதுச்சேரியில் ஒரு கம்பெனிக்கு விசாரித்துப் போன் செய்தார்.

மறுநாள் காலை வைத்திலிங்கம் தானே வந்தார். முதல் முறையாக அவர் 'சரிங்க மேடம்' என்று சொல்லவில்லை.

"என்னக் கேக்காம ஊர்ல சொல்லிட்டீங்க. பஸ்ஸ விட்டு எறங்குனதும் டீக்கடையில ஒருத்தன் என்னப் பாத்து, போல்ட்டு இன்னா வெல அண்ணேன்னு கேக்கறான். சரி. ஏறுங்க. எந்த போல்ட்டுன்னு சொல்லுங்க, உங்க கண்ணு முன்னாலயே கழட்டறேன்."

இருவரும் ஏறினார்கள். வைத்திலிங்கம் நட்டைச் சுழற்றி எடுத்து போல்ட்டை உருவி அவர் கையில் வைத்தார். பெலிசியா அதைத் திருப்பிப் பார்த்தார். தலையில் உயர்பலத்தைக் குறிக்கும் எட்டு புள்ளி எட்டு என்ற முத்திரை. தயாரித்தவரின் அடையாளம் முதலில் பார்த்ததேதான். மரை சிதையவில்லை. மட்டமான போல்ட்டு இல்லை, போட்ட அதே போல்ட்டு.

"மாத்தியிருக்கா?" என்றார் வைத்திலிங்கம்.

பெலிசியா காலியான துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு விரலை விட்டு உள்விளிம்பைத் தடவினார். கூரையின் பளு அந்தக் கீழ்ச்சட்டத்தை இரண்டு பக்கமும் இழுக்கும். அங்கே போல்ட்டு ஏதாவது தடம் பதித்தால் அது துளையின் இடப்பக்கத்திலோ வலப்பக்கத்திலோதான் இருக்க வேண்டும். அந்தப் பக்கங்களில் பெயின்ட்கூடக் கலையவில்லை. துளையின் அடிப்பக்கம் மட்டும் நசுங்கிப் பளபளத்தது. இந்த இணைப்பில் நேர் கீழே இழுக்கிற விசை எதுவும் வரைபடத்தில் கிடையாது. கூரை இதைச் செய்யவில்லை. யாரோ இந்தத் துளையில் கனமான எதையோ தொங்கவிட்டிருக்கிறார்கள்.

கீழே பார்த்தார். சிமென்ட் தரையில், சரியாக அந்தத் துளைக்குக் கீழே, டீசல் சிந்திய கறை. கொஞ்சம் தள்ளி அய்யனார் ஒரு பழைய படகுக்கு மஞ்சள் பட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க என்ஜின் தூக்குனீங்களா?"

"ஆமாம்மா." பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு வந்தார். "மணல்ல மூணு கம்பு நட்டு, செயின் பிளாக் மாட்டித் தூக்குவோம், கம்பு சாஞ்சி போவும். இங்கதான் மேல ஓட்டை ரெடியா இருக்கே. போல்ட்ட எடுத்துட்டு ஷாக்கிள் வளையத்த மாட்டுனா சும்மா கும்முன்னு நிக்கிது. வேலை முடிஞ்சதும் போல்ட்டத் திரும்ப மாட்டிருவோம். அடுத்தவங்க பொருள் பாருங்க."

"கோடு?"

"கோடு கழட்டும்போது பிசிறிப் போச்சி. நீங்க அழியக் கூடாதுன்னு சொன்னீங்களே. வந்து பாத்து மனசு கஷ்டப்படுவீங்கன்னு படகு பெயின்ட்ல நானே இழுத்துட்டேன். நேராத்தான இருக்கு?"

நேராகத்தான் இருந்தது. படகுக்கு நீர்மட்டக் கோடு இழுத்துப் பழகிய கை.

வைத்திலிங்கம் ஏணியில் நின்றபடியே சிரித்தார். நல்ல சிரிப்பு அல்ல.

பெலிசியாவின் கணக்கில் இருந்த ஓட்டை இதுதான்: அடையாளத்தின் பொருள் தெரிந்தவர்தான் அதைப் போலி செய்வார் என்று நினைத்தார். பொருளே தெரியாதவர் மரியாதைக்காகவும் அதைத் திரும்ப வரையலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதே போல்ட்டை அவர் முந்தைய நாளே கழற்றி, துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருக்கலாம். சந்தேகம் இரும்பின் மேல் மட்டும் இருந்திருந்தால் பார்த்திருப்பார். குற்றவாளி கிடைத்துவிட்டதாக நினைத்ததால் பார்க்கவில்லை.

அன்றைக்கே கமிட்டி அந்தக் கூடத்தில் உட்கார்ந்தது. பெலிசியா எழுந்து, போல்ட்டு சரியானது, இறுக்கியதும் சரியாகவே இறுக்கியிருக்கிறார்கள், நான் சொன்னது தப்பு என்றார். இங்கே யாரோ என்ஜின் தூக்க போல்ட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை.

தட்சிணாமூர்த்தி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "நேத்து அவுரு போல்ட்ட மாத்திட்டாருன்னீங்க. இன்னிக்கி நம்ம ஊரு ஆளு கழட்டிட்டான்றீங்க. நடுவுல ஒரு காலைப்பொழுது அவுருகூட மேல ஏறி நின்னு பேசிக்கிட்டு இருந்தீங்க. தப்பா எடுத்துக்காதீங்க மேடம், அவுரு உங்களுக்கு ஏதாவது குடுத்துட்டாரா?"

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். பெலிசியாவால் கோபப்பட முடியவில்லை. தலைவர் இடத்தில் தான் இருந்தால் முதலில் கேட்டிருக்கும் கேள்வி அது. வெளியூர்க்காரர் மேல் பழி நிற்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. என்ஜின் தூக்கிய கதை வெளியே வந்தால் தூக்குவதை நிறுத்தச் சொல்வார்கள் என்று படகுக்காரர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அய்யனாரும் தரையைத்தான் பார்த்தார்.

"நான் சொல்றத நம்ப வேணாம்," என்றார் பெலிசியா. "யாரும் கழட்டலன்னே வச்சிக்குவோம். அப்ப இறுக்குன நட்டு தானா கழண்டிருக்கு. தானா கழல்ற கூரைக்குக் கீழ ஜனங்க நிக்கலாம்னு நான் எழுதித் தர முடியாது. இன்னியிலேர்ந்து கூடத்த மூடணும். எல்லா போல்ட்டையும் எடுத்து சோதனைக்கு அனுப்பணும். ஏலத்த வெயில்ல வச்சிக்குங்க."

"எம்மாம் நாளு?" என்று பின்னால் மீன் விற்கும் பெண் ஒருத்தி கேட்டாள்.

"தெரியாதும்மா. ஜாஸ்தி ஆவும்."

முணுமுணுப்பு கிளம்பியது. அய்யனார் எழுந்தார்.

"தலைவரே, போன வாரம் உங்க படகு என்ஜின எங்க வச்சித் தூக்குனோம்?"

"எனக்கு இன்னாய்யா தெரியும்? ஒங்கிட்ட விட்டேன், நீ தூக்குன."

"நீங்க இதோ இந்தத் தூணுகிட்ட நாற்காலி போட்டு உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு, மெதுவாடா மெதுவாடான்னு கத்திக்கிட்டு இருந்தீங்களே. செயினு எதுல தொங்குச்சின்னு அண்ணாந்து பாக்கலியா?"

மீன் விற்கும் பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தட்சிணாமூர்த்தி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரி, சரி. அப்ப என்ஜின எங்கதான் தூக்கறது?" என்றார். அதோடு வைத்திலிங்கத்தின் மேல் இருந்த வழக்கு முடிந்தது. மன்னிப்பு என்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

இரண்டாவது கூடத்தின் வரைபடத்தில் பெலிசியா என்ஜின் தூக்க ஒரு தனி உத்தரம் சேர்த்தார். அதற்குச் சொந்தமாக இரண்டு தூண்கள். கூரையோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஷாக்கிள் மாட்டும் தகட்டைப் பட்டறையிலேயே சுற்றிலும் வெல்டு வைத்து அனுப்ப வேண்டும், அதன் துளையின் அடியில் போதுமான இரும்பு விட்டிருக்க வேண்டும். மக்கள் எதைத் தொங்கவிடுவார்கள் என்று கேட்காமல் போட்ட கூரை பாதி வரைபடம்தான் என்று அதன்பின் சொல்ல ஆரம்பித்தார். கொஞ்சம் தாமதமாக.

வேலை வைத்திலிங்கத்துக்கே வந்தது. ஒப்புக்கொள்வதற்கு முன் அவர் பெலிசியாவின் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். இனிமே எதுன்னாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க. அப்பறம் ஊர்ல சொல்லுங்க."

"கழட்டிப் பாத்து உறுதி பண்ணாம இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன். அது என் தப்பு. ஆனா உங்கள்ட்டதான் மொதல்ல சொல்லுவேன்னு வாக்கு குடுக்க முடியாது. செஞ்சவருகிட்ட கேட்டுட்டுச் சொல்றதுக்கு கமிட்டி எனக்குப் பணம் குடுக்கல."

வைத்திலிங்கம் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

முதல் டிரஸ்கள் தயாரானதும் பெலிசியா சிதம்பரத்துப் பட்டறைக்குப் போனார். பெயின்ட் அடிக்கவில்லை, அவர் கேட்டபடியே வெறும் இரும்பாக வரிசையில் கிடந்தன. வெல்டிங் அளவு பார்க்கும் கேஜை எடுத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து தொடங்கினார். வைத்திலிங்கம் கைகட்டிப் பின்னாலேயே நடந்தார். வேலையாட்கள் கிரைண்டரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வெல்டிங் நன்றாக இருந்தது. தகடும் தகடும் சேரும் மூலையில் சீராக, குழியில்லாமல், முனைகளைச் சுற்றித் திரும்பி முடிந்திருந்தது. பெலிசியா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடைசிக்கு முந்திய டிரஸ்ஸில், மற்றதன் நிழல் விழும் உள்பக்கத்தில், கேஜ் உட்காராமல் ஆடியது. மறுபடி வைத்துப் பார்த்தார். அளவு குறைவு. பார்வைக்குத் தெரியாத அளவுக்குத்தான் குறைவு, ஆனால் குறைவு. சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"இத எடுத்துட்டுத் திரும்ப வைக்கணும்."

வைத்திலிங்கத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது. "கண்டுபிடிச்சிட்டீங்க. நாந்தான் வேணும்னே வைக்கச் சொன்னேன். அன்னிக்கி என்ன சந்தேகப்பட்டு மாட்டிக்கிட்டீங்கல்ல, அந்தக் கூச்சத்துல இனிமே என் வேலைய லேசா விட்டுருவீங்களோன்னு ஒரு நெனப்பு. உங்க சர்ட்டிபிகேட்டு கண்ண மூடிக்கிட்டுக் குடுத்ததா இருந்தா எனக்கு எதுக்கு மேடம் அது?"

வேலையாட்கள் சிரித்தார்கள். அவர்கள் முன்கூட்டியே தெரிந்து சிரித்தார்களா, முதலாளி சிரித்ததால் சிரித்தார்களா என்று சொல்வது கடினம். பெலிசியா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வெல்டிங்கை அவர்கள் முழுக்க அரைத்து எடுத்து, திரும்ப வைத்து, அது ஆறும் வரை இருந்து, கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

வேண்டுமென்றே வைத்ததாக வைத்திலிங்கம் சொன்னதை அவர் இன்றுவரை நம்பவில்லை.